அரிதாரம்: ஒரு சொல்லின் பிறப்பும் அதன்மீது படிந்த பழியும்

1

சொற்பிறப்பு ஆராய்ச்சி எம்மவரிடையே இருவகை மனப்பாங்குகளுக்கு நடுவே அகப்பட்டு நிற்கின்றது. ஒரு சொல் தமிழா, வடமொழியா என்று தீர்த்துவிட்டால் அதன் வரலாறு முற்றுப்பெற்றுவிட்டதெனக் கருதுவது ஒன்று. சொற்களின் பிறப்பை ஆராய்வது பழம் பண்டிதரின் பொழுதுபோக்கு, இன்றைய இலக்கிய விமரிசனத்துக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை என ஒதுக்கிவிடுவது மற்றொன்று. முன்னையது மொழித்தூய்மை பேசுவோரிடமும் அவர்களை எதிர்ப்போரிடமும் ஒருங்கே காணப்படுவது. பின்னையதோ, முற்போக்கு விமரிசகர் என நம்மை நாமே அழைத்துக்கொள்ளும் நம்மிடையே காணப்படுவது. இவ்விரு மனப்பாங்குகளும் ஒரே தவறிலிருந்து பிறப்பன. சொல்லை அதனை வழங்கிய மனிதரிடமிருந்தும் அவர் செய்த தொழிலிடமிருந்தும் பிரித்து நோக்குவதே அத்தவறு.

இதனை விளக்குதற்கு 'அரிதாரம்' என்னும் சொல்லை இங்கு எடுத்துக்கொள்கிறோம். கூத்தரும் நாடகக் கலைஞரும் முகத்திற் பூசும் வண்ணத்துக்கு வழங்கிவந்த பழைய பெயர் இது. இன்று அப்பொருளில் அது அருகியே வழங்குகின்றது. ஆயினும் விமரிசன மொழியில் அது செழித்திருக்கின்றது. உணர்ச்சியற்ற கவிதையைப் பற்றி எழுதும்போது அதன் சொற்கள் அரிதாரம் பூசியவை என்கிறோம். கொள்கை மாறிய அரசியல்வாதியின் அரிதாரம் கலைந்துவிட்டது என்கிறோம். திரையுலகிலிருந்து அரசியலுக்கு வந்தோரைச் சாடும் தமிழக மேடைகளிலும் இச்சொல் வசையாகவே ஒலித்துவந்துள்ளது. அரிதாரம் என்றால் பொய் என்பது நமக்குள் எழுதப்படாத அகராதியாகிவிட்டது. இவ்வகராதியை எழுதியவர் யார் என்பதே நாம் எழுப்ப விரும்பும் வினா.

2

சொல்லுக்கு முன் பொருளை நோக்குதல் வேண்டும். அரிதாரம் என்பது ஒரு கனிமம். ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த சேர்வை. அப்பிரகத்தைப்போல ஏடு ஏடாகப் பிரியும் இயல்பும், பொன்னையொத்த மஞ்சள் நிறமும், மெல்லிய பளபளப்பும் உடையது. இதன் உறவினமான செந்நிறக் கனிமம் மனோசிலை எனப்படும். இரண்டும் எரிமலை சார்ந்த நிலங்களிலும் வெந்நீரூற்றுகளை அண்டியும் தோன்றுவன. பாரசீகம், இமயத்தை அடுத்த சித்திரால், சீனத்து யூனான் ஆகியவை இதற்குப் பெயர்பெற்ற இடங்கள். தமிழகமோ ஈழமோ அவ்வரிசையில் இல்லை. எனவே இது தொடக்கந்தொட்டே நெடுந்தூர வாணிபத்தால் நம்மை வந்தடைந்த பண்டம் என்பதை முதலில் மனங்கொள்ளல் வேண்டும்.

பல மொழியினரும் இக்கனிமத்துக்கு அதன் பொன்னிறத்தைக் கொண்டே பெயரிட்டனர். இலத்தீனர் இதனைப் பொன்வண்ணம் என்னும் பொருள்பட 'அவுரிபிக்மெந்தும்' என்றனர். ஆங்கிலத்தின் 'ஓர்பிமெண்ட்' அதன் தேய்வு. பாரசீகத்தில் பொன்னைக் குறிக்கும் 'ஸர்' என்பதனடியாக 'ஸர்னீக்' என்ற பெயர் எழுந்தது. கிரேக்கர் அதனைச் செவிவழி ஏற்று 'அர்ஸெனிகோன்' ஆக்கியபோது, தம் மொழியில் ஆண்மையைக் குறிக்கும் சொல்லோடு அதனைத் தொடர்புபடுத்திக்கொண்டனர். இன்று வேதியியலில் வழங்கும் 'ஆர்சனிக்கு' என்ற பெயர் அக்கிரேக்க வடிவத்தின் வழிவந்ததே. நிறத்தின் கவர்ச்சி பெயரோடு நின்றுவிடவுமில்லை. உரோமப் பேரரசன் கலிகுலா இக்கனிமத்திலிருந்து பொன்னை எடுக்க முயன்று, சிறிதளவே கிடைத்ததால் அம்முயற்சியைக் கைவிட்டான் எனப் பிளினி எழுதியுள்ளார். நம் நாட்டு இரசவாதிகளும் இதே கனவு கண்டவர்களே.

3

இனி, தமிழ்ச் சொல்லைக் கவனிப்போம். 'அரிதாரம்' என்பதற்கு மூன்று விளக்கங்களைக் கூற இயலும்.

முதலாவது, அரி என்னும் திருமாலின் தாரம், அதாவது திருமகள் என்பது. பொன்னிறம் திருமகளுக்குரியதாகையால் இவ்விளக்கம் பொருத்தமுடையது போலத் தோன்றும். இரசவாத மரபில் பாதரசத்தைச் சிவனோடும் கந்தகத்தைச் சக்தியோடும் இக்கனிமத்தைத் திருமாலோடும் இயைத்துக் கூறும் வழக்கு உண்டு. அவ்வழக்கு இவ்விளக்கத்துக்குத் துணையாகவும் காட்டப்படலாம். ஆயினும் ஒரு கனிமத்துக்குத் தெய்வத் தொடர்பு கற்பிக்கப்பட்டமை அதன் பெயர் தெய்வத்திலிருந்து பிறந்தது என்பதற்குச் சான்றாகாது. பெயரில் 'அரி' என்ற ஒலி இருந்தமையே அக்கற்பனைக்கு வழிகோலியது எனக் கொள்வதே முறை.

இரண்டாவது, அரிய தாரம் என்பது. 'தாரம்' என்பதற்குத் தொலைவிலிருந்து கொண்டுவரப்படும் அரும்பண்டம் என்னும் பொருள் பழந்தமிழில் உண்டு. மலைதரு பொருளையும் கடல்தரு பொருளையும் அச்சொல்லாற் குறித்தனர். இவ்விளக்கம் நமக்குக் கவர்ச்சியானது. வாணிப வரலாற்றோடு இயைவதால் மேலும் கவர்ச்சியானது. ஆனால் இலக்கணம் இதற்கு இடந்தராது. அருமைப் பண்பைக் குறிக்கும் அடி வருமொழியோடு புணருங்கால் அருங்கலம், அருந்தவம், அருமருந்து என வருமேயன்றி 'அரி' என நில்லாது. அரிய தாரம் எனின் 'அருந்தாரம்' என்றே வந்திருத்தல் வேண்டும். அரிது, ஆரம் எனப் பிரிப்பதும் பொருந்தாது. 'அரிது' என்பது பயனிலையாய் முடியும் சொல்லேயன்றிப் பெயருக்கு முன் அடையாய் நிற்பதன்று. நமக்கு உவப்பான முடிவு என்பதற்காக இலக்கணத்தை வளைத்தல் ஆராய்ச்சியாகாது.

மூன்றாவது, 'ஹரிதாலம்' என்னும் வடசொல்லிலிருந்து பிறந்தது என்பது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி கொள்வது இதனையே. 'ஹரித' என்பது மஞ்சளும் பசுமையும் கலந்த நிறத்தைக் குறிக்கும். ஹகர ஒலி தமிழில் மொழிமுதலிற் கெடுவது இயல்பு. ஹரன் அரனாகவும், ஹனுமான் அனுமனாகவும் வருதல் காண்க. லகரமும் ரகரமும் தம்முள் மயங்குவதும் தமிழுக்குப் புதிதன்று. பந்தல், பந்தர் எனவும் சாம்பல், சாம்பர் எனவும் வருவதை இலக்கணகாரர் போலி என்பர். இவ்விரு மாற்றங்களும் சேர்ந்தால் ஹரிதாலம் அரிதாரமாகும். சித்த மருத்துவத்தில் இதே பொருளுக்கு வழங்கும் 'தாளகம்' என்பதும் வடமொழியின் 'தாலக' என்னும் வடிவத்தின் வழிவந்ததே.

அயல்மொழிகளின் சான்றும் இதனையே வலியுறுத்துகின்றது. இந்தியில் 'ஹர்தால்' என்பர். தெலுங்கில் 'ஹரிதளமு', கன்னடத்தில் 'ஹரிதள' என வழங்கும். மலையாளத்தில் நம்மைப் போன்றே 'அரிதாரம்' உண்டு. சிங்களத்தில் 'ஹிரியல்' என்பர். சிங்கள வடிவத்தில் தகரம் கெட்டிருத்தல் கவனிக்கத்தக்கது. நடுத் தகரம் கெட்ட பிராகிருத வழக்கின் அடியாக அது எழுந்தமையே காரணம். தமிழ்வடிவத்தில் தகரம் நிலைத்துள்ளது. ஆகவே தமிழும் சிங்களமும் ஒரே மூலச்சொல்லை வெவ்வேறு வாயில்களினூடாகப் பெற்றன என்பது தெளிவு.

தெலுங்கிலும் கன்னடத்திலும் ஈற்றுப்பகுதி 'தளம்' என நிற்பதும் சிந்தனைக்குரியது. தளம் என்பது இலை, இதழ். இக்கனிமம் ஏடு ஏடாகப் பிரிவதைக் கண்டவர்க்கு அப்பெயர் இயல்பாகவே பட்டிருக்கும். தமிழ்ச் செவிக்கோ அதே ஈற்றுப்பகுதி 'தாரம்' எனப் பண்டமாகவும் மனைவியாகவும் ஒலித்தது. கிரேக்கச் செவிக்குப் பாரசீகச் சொல் ஆண்மையாய் ஒலித்தமையும் இவ்வகையதே. புரியாத அயற்சொல்லைத் தமக்குப் புரிந்த உறுப்புகளாகப் பகுத்துக்கொள்வது மக்கள் வழக்கின் இயல்பு. இத்தகைய பகுப்புகள் சொல்லின் பிறப்பைக் கூறமாட்டா. ஆனால் சொல்லை ஏற்ற மக்கள் அதில் எதைக் கண்டனர் என்பதை அவை கூறும். எனவே முதலிரு விளக்கங்களும் சொற்பிறப்பு என்ற வகையிற் பிழை. மக்கள் மனத்தின் வரலாறு என்ற வகையில் அவையும் சான்றுகளே.

4

சொல் வடக்கிலிருந்து வந்தது என்பதோடு தூய்மைவாதியும் அவருடைய எதிராளியும் ஆய்வை முடித்துக்கொள்வர். ஒருவர் சொல்லைக் களைய முனைவார். மற்றவர் வடமொழியின் கொடை எனப் பெருமிதங்கொள்வார். ஆனால் சொல் வந்த வழியே பொருளும் வந்தது என்று கொள்ள வேண்டியதில்லை.

கி.பி. முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரேயக் கடற் பெரிப்புளூஸ்' வணிகருக்காக வணிகர் ஒருவர் எழுதிய கைந்நூல். சேரநாட்டு முசிறிக்கும் அதன் தெற்கேயுள்ள நெல்கிந்தாவுக்கும் மேற்கிலிருந்து இறக்குமதியான பொருள்களை அது நிரலாகத் தருகின்றது. நாணயம், துணி, பவளம், கண்ணாடி, செம்பு, ஈயம், திராட்சைமது ஆகியவற்றோடு மூன்று பொருள்கள் நம் கவனத்தை ஈர்க்கின்றன. ஒன்று கண்ணுக்கு இடும் மைக்குரிய கல். மற்றவை மனோசிலையும் அரிதாரமும். கிரேக்க நாவாய்களில் வந்திறங்கிய பண்டத்தை இறக்கியவர்கள் அதற்குக் கிரேக்கர் இட்ட பெயரை ஏற்கவில்லை. தமிழில் நிலைத்தது வடபுலப் பெயரே. மேற்குக் கடலால் வந்த பண்டம் வடக்கிலிருந்து வந்த பெயரைத் தாங்கிற்று. கடல்வழி வாணிபம் தொடங்கு முன்னரே இப்பொருளும் பெயரும் தரைவழியாகத் தென்புலத்தில் அறிமுகமாகியிருத்தல் வேண்டும் என்பதற்கு இது வலுவான குறிப்பு.

தமிழிலக்கியச் சான்று சிலப்பதிகாரத்திற் கிடைக்கின்றது. வஞ்சிக் காண்டத்துக் காட்சிக் காதையில், பேரியாற்றங்கரைக்கு வந்த சேரன் செங்குட்டுவனுக்குக் குன்றக்குறவர் திறையாகக் கொணர்ந்த பொருள்கள் நீண்ட பட்டியலாகத் தரப்பட்டுள்ளன. யானைக்கொம்பு, அகில், சந்தனம், தேன் முதலியவற்றோடு சிந்துரம், அஞ்சனம், அரிதாரம் ஆகியன அடுத்தடுத்து வைக்கப்படுகின்றன. இம்மூன்றும் அணிசெய்தற்கான நிறப்பொருள்கள். அவை ஒருங்கே நிற்பதால் அக்காலத்திலேயே அரிதாரம் ஒப்பனைப் பொருளாய் அறியப்பட்டிருந்தது எனத் துணியலாம்.

ஆனால் இங்கு ஒரு முரண்பாடு எழுகின்றது. வணிகனின் கைந்நூலில் சேரர் துறைமுகத்துக்குள் இறக்குமதியாகும் பண்டம், காப்பியத்தில் சேரர் மலையில் விளையும் பண்டமாகின்றது. காப்பியத்தின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், பெரிப்புளூசுக்குப் பின்னரே அது இன்றைய வடிவம் பெற்றது என்பர் பலர். இம்முரண்பாட்டை எவ்வாறு விளங்கிக்கொள்வது? காப்பியப் பட்டியல் வணிகனின் கணக்கேடு அன்று. மலைவளம் முழுவதையும் மன்னன் காலடியிற் குவித்துக்காட்டுவது அதன் நோக்கம். அங்காடியில் அருமைமிக்கதாய் இருந்த பொருளெல்லாம் அப்பட்டியலில் மலைப்பொருளாகிவிடும். அன்றியும், ஒரு நிறப்பொருளின் பெயர் அந்நிறமுடைய வேறு பொருளுக்கும் பெயராதல் தொழிலாளர் வழக்கில் இயல்பு. கதகளியில் மஞ்சள் வண்ணத்துக்குரிய கல்லை 'மனயோல' என்பர். மனோசிலை எனும் செந்நிறக் கல்லின் பெயரே திரிந்து மஞ்சட் கல்லுக்கு ஆகிவந்தது. மலையில் அகழ்ந்த மஞ்சட்காவியும் அரிதாரம் எனப்பட்டிருக்கலாம். எவ்வாறாயினும், திறைப்பட்டியலை நேரடி வரலாறாகக் கொண்டு பண்டைச் சேரநாட்டில் அரிதாரச் சுரங்கம் இருந்ததெனக் கூறுவது, இலக்கியத்தை வரலாற்றுச் சான்றாகப் பயன்படுத்துவோர் அடிக்கடி செய்யும் தவறாகவே முடியும்.

ஈழத்திலும் இவ்வினக் கனிமங்கள் பண்டுதொட்டு அறியப்பட்டிருந்தன. அநுராதபுரத்து மகாதூபியின் அடித்தளம் அமைக்கப்பட்டதை விவரிக்கும் மகாவம்சம், எள்ளெண்ணெயிற் குழைத்த மனோசிலையைக் குறிப்பிடுகின்றது. பிற்காலத்திற் கண்டிநாட்டு ஓவியரும் அரக்கு வேலை செய்வோரும் கையாண்ட நிறப்பொருட் பெயர்களில் 'ஹிரியல்', 'சாதிலிங்கம்' என்பன உள்ளன. பின்னையது தமிழ் ஒப்பனைக் கலைஞரும் சித்த மருத்துவரும் அறிந்த சாதிலிங்கமே. மொழியால் வேறுபட்டு நின்ற தொழிலாளர் ஒரே பண்டத்தை ஒரே வாணிப வலையினூடாகப் பெற்றனர் என்பதை இப்பெயர்கள் சொல்லாமற் சொல்கின்றன.

5

அணிசெய்வதற்குத் தமிழரிடம் வேறு பொருள்கள் இல்லாமலில்லை. சாந்தும் சுண்ணமும் மையும் தொய்யிற் குழம்பும் சங்கப் பாடல்களில் அடிக்கடி வருவன. மஞ்சள் வீடுதோறும் உண்டு. அவ்வாறாயின், தொலைவிலிருந்து வரும் விலைமிக்க கல் கூத்தரங்குக்கு ஏன் வேண்டப்பட்டது?

விடை கூத்தின் நிகழ்நிலையில் உள்ளது. கூத்து பொழுதுபட்டபின் தொடங்கி விடியும்வரை நிகழ்வது. மின்னொளி வருமுன் தீவட்டியும் எண்ணெய் விளக்குமே அரங்குக்கு ஒளி தந்தன. அசையும் அவ்வொளியில், வட்டக்களரியைச் சூழ்ந்து தொலைவில் அமர்ந்திருப்போர்க்கு நடிகனின் முகம் தெரிதல் வேண்டும். மஞ்சளும் சந்தனமும் தோலின்மேல் மெல்லிதாய்ப் படிவன. வியர்வையிற் கரைவன. அரிதாரமோ தோலை மூடி நிற்கும். அதன் ஏடுகள் தீயொளியைத் திருப்பிவீசும். எண்ணெயிற் குழைத்துப் பூசினால் இரவு முழுதும் நிலைக்கும். நீலத்தோடு சேர்த்தால் பசுமையும் அதனின்று கிடைக்கும். கதகளியின் பச்சை வேடத்துக்குரிய வண்ணம் அவ்வாறு பெறப்பட்டதே.

ஆகவே அரிதாரம் ஆடம்பரப் பொருளாய் அன்றித் தொழிற்கருவியாகவே கூத்தரங்கிற் புகுந்தது. உழவனுக்குக் கலப்பையும் கொல்லனுக்கு உலையும் எவ்வாறோ, கூத்தனுக்கு அது அவ்வாறு. கல்லை மணிக்கணக்காக அரைத்துக் குழைப்பதும், முகத்தில் வரைவதும், விடிந்தபின் எண்ணெய் தேய்த்துக் கழுவுவதும் அவனது உழைப்பின் பகுதிகள். அவ்வுழைப்பு இடரற்றதுமன்று. அரிதாரம் ஆர்சனிக்குச் சேர்வை. சாதிலிங்கம் பாதரசச் சேர்வை. சித்த மருத்துவர் இவற்றை மருந்தாக்குமுன் சுத்தி செய்தல் வேண்டும் என வற்புறுத்துவது இவற்றின் நச்சுத்தன்மையை அறிந்தே. மருந்தாய் உண்பவனுக்கு எச்சரிக்கை எழுதி வைத்த நூல் மரபு, ஆண்டுதோறும் முகத்திற் பூசிக்கொண்டவனைப் பற்றி எழுதியது மிகக் குறைவே. அவனுக்காக ஏடெழுதுவோர் இருக்கவில்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜேர்மனியில் கொழுப்பிற் குழைத்த ஆயத்த வண்ணங்கள் விற்பனைக்கு வந்தன. பின்னர் அவ்வகைப் பண்டங்கள் கீழைநாட்டு நாடக மேடைக்கும் திரைக்கும் வந்துசேர்ந்தன. கல் மறைந்தது. பெயர் மட்டும் எஞ்சியது. 1931இல் தமிழ்ப் பேசும்படம் தோன்றியபின், அரிதாரம் ஒரு துளியும் சேராத முகப்பூச்சுக்கும் அப்பெயரே பத்திரிகை வழக்கில் நிலைத்தது. கனிமத்தின் பெயர் ஒப்பனையின் பெயராகி, பின் நடிப்புத் தொழிலின் பெயராகி, ஈற்றிற் பொய்ம்மையின் பெயராயிற்று. இந்த இறுதிப் படியே நாம் நின்று நோக்க வேண்டிய இடம்.

6

முதல் மூன்று படிகளும் மொழியில் இயல்பாக நிகழ்வன. பொருளின் பெயர் அதனாற் செய்யும் செயலுக்கும், செயலின் பெயர் தொழிலுக்கும் ஆகிவரும். நான்காவது படி அத்தகையதன்று. அது ஒரு தீர்ப்பு. அத்தீர்ப்பு அரங்கிலிருந்து எழுந்ததன்று.

ஒப்பனை சார்ந்த ஏனைய சொற்களை இதனோடு ஒப்பிட்டால் இது புலனாகும். 'அலங்காரம்' என்பதும் உண்மையின்மேல் ஏற்றப்படும் அழகே. ஆனால் கோயிலில் அது வழிபாட்டின் பகுதி. கவிதையியலில் தண்டியலங்காரம் முதலான நூல்களுக்கு அதுவே பெயர். 'கோலம்' என்பதும் புறத்தோற்றமே. தெய்வத்துக்கு ஆகும்போது திருக்கோலமாகின்றது. 'புனைதல்' என்பது பூச்சூடுதலையும் குறிக்கும், இல்லாததை ஆக்கிக் கூறுதலையும் குறிக்கும். எனினும் புனைகதை என்பதை நாம் பழிச்சொல்லாகக் கொள்வதில்லை. 'ஒப்பனை' என்பது பாத்திரத்தோடு ஒப்புமை ஆக்குவது எனப் பொருள்படுமாயினும் அதன்மீது பெரும்பழி படியவில்லை.

மறுபுறத்திற் கூத்தரங்கின் சொற்களை நோக்குவோம். 'வேடதாரி' வஞ்சகன். 'நாடகமாடுதல்' ஏமாற்றுதல். 'கூத்தடித்தல்' ஒழுங்கற்று நடத்தல். 'நடிப்பு' உள்ளன்பின்மை. 'அரிதாரம்' பொய். கோயிலிலும் ஏட்டிலும் செய்யப்படும் புனைவு அழகாகவும், களரியிற் செய்யப்படும் புனைவு பொய்யாகவும் கொள்ளப்படுவதேன்? இவ்விரண்டுக்குமிடையே உள்ள வேறுபாடு செயலில் இல்லை. செய்வோரின் சமூக நிலையில் உள்ளது.

இதற்கு ஒரே நூலில் இரு சான்றுகளைக் காணலாம். கௌடிலியரின் அர்த்தசாத்திரம், சுரங்க அதிகாரி அறிந்திருக்கவேண்டிய கனிமங்களைக் கூறுமிடத்தில் ஹரிதாலத்தைக் குறிப்பிடுகின்றது. அதே நூல், கூத்தும் பாட்டும் செய்வோர் தொழிலைச் சூத்திரருக்குரிய தொழில்களுள் வைக்கின்றது. புதிய குடியிருப்புகளில் நடரும் பாடகரும் மக்களின் வேலைக்கு இடையூறு செய்யலாகாது எனவும் விதிக்கின்றது. கல் அரசின் கருவூலத்துக்குரியது. அக்கல்லைப் பூசுபவன் ஐயத்துக்குரியவன். தமிழ்நிலத்திலும் பாணரும் கூத்தரும் பொருநரும் வேந்தர் அவையிற் பெற்றிருந்த இடம், நிலவுடைமையும் சாதிப் படிநிலையும் இறுகிய காலத்தில் இழக்கப்பட்டமையை நாடக வரலாற்று ஆய்வாளர் காட்டியுள்ளனர்.

இது நமக்கு மட்டும் உரிய நிகழ்ச்சியுமன்று. கிரேக்கத்தில் நடிகனைக் குறித்த 'ஹூப்போக்ரித்தேஸ்' என்னும் சொல்லே ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பாசாங்குக்காரனைக் குறிக்கும் சொல்லாயிற்று. நடிகனின் தொழிற்பெயர் ஒழுக்கக் கேட்டின் பெயராவது, நடிகனை ஐயுறும் சமூகங்கள் தோறும் நிகழும் ஒன்றுபோலும்.

அத்தீர்ப்பு உண்மையாயினும் ஏற்கலாம். அது உண்மையன்று. கூத்தனின் முகவண்ணம் எதனையும் மறைப்பதில்லை. வரவுப் பாட்டிலேயே அவன் தான் இன்ன பாத்திரமென அறிவித்துவிடுகின்றான். வண்ணமும் முடியும் உடையும் அதனையே உரத்துக் கூறுகின்றன. அவன் அயலூரவன் அல்லன். பகலில் வயலிலும் கடலிலும் வேலை செய்தவன். அவன் யாருடைய மகன், எங்கு குடியிருப்பவன் என்பதைக் களரியைச் சூழ்ந்திருப்போர் அனைவரும் அறிவர். அவன் அரசனாக நிற்பதைக் கண்டு அரசன் என ஏமாந்தவர் ஒருவருமில்லை. ஒளிவுமறைவின்றி எல்லார்க்கும் தெரியப் பூசப்படும் வண்ணம் பொய்யாகாது. அது நடிகனுக்கும் சபையோருக்குமிடையே உள்ள ஓர் உடன்படிக்கை. 1935இல் மொஸ்கோவில் சீன நடிகர் மெய் லான்பாங் வேட உடையும் வண்ணமுமின்றி ஆடிக்காட்டியதைக் கண்ட பிரெக்ட், நடிகன் தான் காட்டுகிறான் என்பதையும் சேர்த்தே காட்டுவதை அதிற் கண்டு வியந்தார். வண்ணம் பூசிய நம் கூத்தனும் வேறொரு வழியால் அதனையே செய்துவந்தான். பிரெக்டைக் கொண்டாடும் நாம், அரிதாரத்தை வசையாக வழங்குவது முரண்பாடாகும்.

7

அவ்வாறாயின் இச்சொல்லை உவமையாக வழங்குவதையே விட்டுவிடல் வேண்டுமா? மொழியிற் சொற்களுக்குத் தடைவிதிப்பது நம் நோக்கமன்று. அது தூய்மைவாதியின் வழி. ஏமாற்றை ஏமாற்று என இனங்காட்டுவது விமரிசனத்தின் முதற்கடமை என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆளும் கருத்துநிலை தன்னை இயற்கையானதாகவும் என்றுமுள்ளதாகவும் காட்டிக்கொள்ளும்போது அதனை உரித்துக்காட்டத்தான் வேண்டும்.

ஆனால் அத்தகைய மறைப்புக்கு அரிதாரம் தகுந்த உவமையன்று. கருத்துநிலையின் வலிமை, தான் பூசப்பட்டது என்பதை அது ஒப்புக்கொள்ளாமையில் உள்ளது. வண்ணமே இல்லாத முகம்போல் அது நிற்கும். அரிதாரமோ தான் பூசப்பட்டதென்பதைத் தொலைவிலிருந்தே அறிவிப்பது. எனவே இச்சொல்லை நாம் வசையாக வழங்கும்போது இரு பிழைகள் செய்கின்றோம். எதிர்க்க வேண்டியதன் இயல்பைத் தவறாக விளங்கிக்கொள்கின்றோம். கூடவே, கூத்தனை இழிந்தவன் என வைத்த பழைய சமூகத்தின் தீர்ப்பை, அதனை எதிர்ப்பதாகக் கூறும் நாமே வழிமொழிகின்றோம்.

ஈழத்தில் இது ஏட்டளவான வினாவன்று. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலான கூத்துகளை மேடையேற்றியபோது, கல்வியுலகம் பொருட்படுத்தாதிருந்த ஒரு கலை பல்கலைக்கழக அரங்கில் ஏறிற்று. அதன் பின்னர் கூத்து பாடத்திட்டங்களுக்கும் ஆய்வேடுகளுக்கும் உரிய பொருளாயிற்று. கூத்தின் ஆட்டத்தையும் பாட்டையும் தாளக்கட்டையும் ஏற்றுக்கொண்டோம். ஆனால் கூத்தனைப் பழித்த சொல்வழக்கை மாற்றிக்கொள்ளவில்லை. ஆய்வுக் கட்டுரையிற் கூத்தைப் போற்றிவிட்டு, மறுபக்கத்து மதிப்புரையில் அரிதாரம் என வசைபாடுகின்றோம்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு மீள்வோம். அரிதாரம் என்ற சொல்லின் வேர் வடமொழியில் உள்ளது. அது சுட்டிய பண்டம் தரைவழியாகவும் மேற்குக் கடல்வழியாகவும் வந்தது. அதற்குக் கலைப் பயன்பாட்டையும் வாழ்வையும் கொடுத்தவர் தமிழ்க் கூத்தர். அதன்மீது பொய் என்ற பழியை ஏற்றியவர் கூத்தரை இழித்த மேலோர். சொல் எம்மொழிக்குரியது என்ற வினாவுக்கு விடை ஒரு வரியில் முடிந்துவிடும். சொல்லை ஆக்கியோர் யார், கையாண்டோர் யார், இழித்தோர் யார் என்ற வினாக்களுக்கு விடைதேடப் புகுந்தால், வாணிபமும் தொழிலும் சாதியும் கலையும் ஒருங்கே விரிகின்றன. சொற்பிறப்பு ஆராய்ச்சி விமரிசனத்துக்குப் பயன்படுவது இவ்வகையிலேயே. இனி அரிதாரம் என எழுத நம் பேனா முற்படுமிடத்து, தீவட்டி ஒளியில் தன் முகத்தை ஊர் காணப் பூசிநின்ற தொழிலாளியை நாம் ஒருகணம் எண்ணிக்கொள்வோமாக.